பதினேழு சக்கரக் கணக்கைக் கரும்பலகைக்குத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளிக்கு எதிரே முடிதிருத்தகம் நடத்துபவர்,
நான்காம் வகுப்பு மாணவியின் தந்தை.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: கடினக் கணக்குகளை நிறுத்தியது பற்றிப் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடை நிறைய ஆள் இருக்கும்போது நான்காம் வகுப்புக் கணக்கில் என் மகளிடம் தோற்றவன் நான். சைக்கிள்களும் மூன்று சக்கர வண்டிகளும் நிற்கின்றன, மொத்தம் பதினேழு சக்கரங்கள், எது எத்தனை? ஏழு சைக்கிள், ஒரு மூன்று சக்கர வண்டி என்று மார்தட்டினேன். "நாலு சைக்கிள், மூணு வண்டின்னாலும் சரிதாம்பா. இன்னும் இருக்கும், தேடு" என்றாள். நுரை பூசிய முகங்களெல்லாம் சிரித்தன.

2. கணக்கு டீச்சர் இப்படி வாரம் ஒரு முரட்டுக் கணக்கைப் பலகையின் மூலையில் எழுதுவார். விடை சொல்ல மாட்டார். தப்பான வழியை அழிக்கவும் விடமாட்டார், "இங்க முட்டிக்கிட்டே, அடுத்து எங்க போவே?" என்று மட்டும் கேட்பார். முன்பு ஒரு கணக்குத் தப்பினால் தாளைக் கிழித்துவிட்டுக் கட்டிலடியில் புகுந்துகொண்ட என் மகள், "சரி, இது இல்ல" என்று அடுத்த வழி தேடப் பழகினாள்.

3. அந்தப் பதினேழு சக்கரக் கணக்கைத்தான் தலைமையாசிரியர் பாதியில் அழித்தார். சில பிள்ளைகள் அழுதார்களாம்! ஐயா, முதன்முதலாக முடிவெட்ட வரும் பிள்ளை எது அழவில்லை? அதற்காகப் பாதித் தலையோடா வீட்டுக்கு அனுப்புகிறேன்? இப்போது பின்பக்கம் விடை அச்சடித்த தாள்கள் தருகிறார்கள். திருப்பிப் பார்த்து எழுதினால் நூற்றுக்கு நூறு. தாளைத் திருப்பப் பள்ளிக்கூடம் எதற்கு? மின்விசிறி போதுமே. டீச்சரை உடைந்த பெஞ்சுகள் கிடக்கும் அறைக்குக் காவல் வைத்திருக்கிறார்கள்.

4. என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். போன வாரம் சைக்கிள் சங்கிலி கழன்றதும் மகள் அதைத் தெருவிலேயே போட்டுவிட்டு, "எனக்கு எதுவும் வராதுப்பா" என்று மறுபடி கட்டிலடிக்குப் போய்விட்டாள். யாரைக் கேட்டு என் பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பினார்கள்?

5. மறுநாள் கடைக்கண்ணாடியில் சோப்பு நுரையால் அந்தக் கணக்கை எழுதி, "இரண்டே விடை. அதோடு சரி" என்று வேண்டுமென்றே போட்டேன். பள்ளி விட்டு வந்தவள் பார்த்து முறைத்தாள். பையைக்கூட இறக்காமல் போட்டுப் போட்டு அழித்தாள். கடைசியில், "ஒரு சைக்கிள், அஞ்சு வண்டி!" என்று கத்தினாள். சரிதான். ஆனால் சீண்டிவிட ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள், டீச்சரைத் தவிர?

எனவே டீச்சரை வகுப்புக்கும், கணக்கைப் பலகைக்கும், விடைத்தாள்களைக் குப்பைக்கும் அனுப்ப உடனே உத்தரவிடுங்கள். அழுகிற பிள்ளைகளை அழவிடுங்கள் ஐயா. அழுது முடித்துவிட்டுப் போடுவார்கள்.

இடம்: கடை
நாள்: செவ்வாய், கடை விடுமுறை

இப்படிக்கு,
(கையொப்பம்)

பின்குறிப்பு: மகள் கத்தியபோது நாற்காலியில் இருந்தவர் தங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். சவரக்கத்தியோடு நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். இம்மனுவை அவரே தங்களிடம் தருவார். அவர் மீசையின் வலது பாதி நலமாக உள்ளது.