கருகிய துண்டு

என்னங்க, உடம்பு தேவலையா? சமையல் வேலைக்கு வந்த இந்த ஆஸ்பத்திரி கேன்டீன் அடுப்படியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குடலில் கட்டி எடுத்த பிறகு உங்கள் தம்பி மனைவிதான் கீரையும் காயும் வேகவைத்துத் தருகிறாள், வயிறு லேசாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் என் வயிறு எரிந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் நம் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் நாளே என் சமையலைப் பார்த்து, "இதை மாடு திங்குமா?" என்றவள் அவள்.

இங்கே சாப்பிட வரும் நர்சிடம் கேட்டேன். "கருகின கறி தினமும் தின்னா ஆபத்து கூடலாம் பாட்டி. கீரை, காய் குடலுக்கு நல்லது. ஆனா கருகின கறியாலதான் கட்டி வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். சட்டியடியில் கருகிய கறித் துண்டையெல்லாம் ஆசையாக உங்களுக்கென்று எடுத்து வைத்தவள் நான்தானே.

அவள் கையாலேயே சாப்பிடுங்கள். ருசியை மட்டும் எனக்கு எழுதாதீர்கள். எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்ததும் முதலில் எனக்குச் சொல்லுங்கள், அப்புறம் அவளுக்கு. எண்ணெய் காய்கிறது, போகிறேன்.

உங்கள் பழைய சமையற்காரி