கோட்டுக்குள் இருக்கும் பிள்ளைக்கு

786

டன்லப் ஸ்திரீட், சிங்கப்பூர்
ரமலான் பிறை 15, ஞாயிறு
10-2-1963

அன்பு மகன் நூருல் அமீனுக்கு உன் வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் காய்ச்சல் சளி என்று படுக்காமல் இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் துஆ கேட்கிறேன். பினாங்கில் உன் லாத்தா ருக்கையாவும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம், சின்னவனுக்குப் பல் முளைத்து கண்டதையெல்லாம் கடிக்கிறானாம். இங்கே பாதி நோன்பு இன்றோடு போய்விட்டது. கஞ்சியை நம் தெருப் பள்ளிவாசலில் தூக்குச் சட்டியில் வாங்கி வந்து வீட்டில் குடிக்கலாம், முதலில் அப்படித்தான் செய்தேன், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பாங்குக்காக உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. இப்போது பள்ளியிலேயே ஜனங்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டு வருகிறேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் சரி, பேரீச்சம்பழத் தட்டை இந்தப் பக்கம் நகர்த்த ஒரு கை வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் போன வாரம் கடைக்கு வந்து சேர்ந்தது. வழக்கம் போல கல்லாவில் உட்கார்ந்திருந்த கபீர் காக்காவுக்கும் கடைப் பிள்ளைகளுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நாலு பக்கம், அந்த ஊர் ஆண்கள் உடுத்தும் தினுசு, நீ போன ரயில், கேட்ட பாட்டு, விழுந்த பனி எல்லாம் விலாவாரியாக எழுதிவிட்டு, கடைசியில் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி. ஜூனில் படிப்பு முடிகிறது, அங்கேயே ஒரு கம்பளி மில்லில் வேலை தருகிறார்கள், இருக்கட்டுமா வரட்டுமா வாப்பா என்று. அதை மட்டும் வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதில் இந்தக் கடிதத்தில் உண்டு, ஆனால் கடைசியில் சொல்கிறேன். நீயும் கடைசியில்தானே கேட்டாய்.

முதலில் உன் துணிமணி விஷயம். இருபது வருஷத்துக்கு மேலாக சிராங்கூன் ரோட்டில் சட்டைத் துணியும் கைலியும் கிழித்துக் கொடுக்கிறவன் நான், ஆனாலும் நீ எழுதியதில் பாதி எனக்குப் புதுசு. வெயிஸ்ட்கோட்டில் கடைசிப் பொத்தானைப் போடக் கூடாது, போட்டால் ஊருக்குப் புதுசு என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். போடாத பொத்தானுக்குத் துளை எதற்கு என்று கபீர் காக்கா கேட்கிறார், பதில் தெரிந்தால் எழுது, மனிதர் தினமும் கேட்கிறார். கிழவர்கள் தொப்பி இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை, பையன்கள் கூர்மூக்குச் சப்பாத்தும் குழாய் மாதிரிக் கால்சட்டையும் போடுகிறார்கள், ஒவ்வொரு காலேஜுக்கும் ஒரு நிறத்தில் கழுத்துத் துணி, அதைப் பார்த்தே எந்தக் காலேஜ் என்று சொல்லிவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். குழாய்க் கால்சட்டை இங்கேயும் வந்துவிட்டது. இரவு தராவீஹ் தொழுகையில் அதைப் போட்டு வரும் பையன்கள் உட்கார முடியாமல் பின் வரிசை சஃபில் நெளிகிறார்கள், இமாம் சலாம் கொடுப்பதற்குள் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. உன் காலேஜ் துணியை நீயும் கழுத்தில் சுற்றிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் அதே நிறத்தில் சுற்றியவன் ஒருவனாவது உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு வாய்த் தேநீர் கொடுத்தான் என்று இதுவரை ஒரு கடிதத்திலும் நான் படித்ததில்லை.

பனியைப் பற்றி நீ எழுதியதைக் கடையில் யாரும் நம்பத் தயாராக இல்லை. தலையில் விழுந்தால் வலிக்குமா என்று கபீர் காக்கா கேட்டார். சத்தமே இல்லாமல் விழுகிறது, விடிந்து பார்த்தால்தான் தெரிகிறது என்று நீ எழுதியிருப்பதைக் காட்டினேன். வானத்திலிருந்து விழுகிற சாமான் சத்தம் போடாமல் எப்படிலா விழும், பையன் நம்மை ஏய்க்கிறான் என்கிறார். இங்கே டிசம்பர் மழை தகரக் கூரையில் கொட்டும்போது பக்கத்தில் பேசுவது கேட்காது, விசிறியை நிறுத்திவிட்டுக் கைலியை இழுத்துப் போர்த்தினால் அதுதான் எங்கள் விண்டர். தேநீர் வேளைக்கெல்லாம் அங்கே பொழுது சாய்ந்துவிடுகிறதாம், நோன்பு லேசாகத் தெரிகிறதாம், அதைக் கேட்டுக் கடைப் பிள்ளைகள் லீட்ஸுக்குக் கப்பல் எப்போது என்கிறார்கள். எனக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. விடியுமுன் எழுந்து சஹருக்கு ரொட்டியும் டப்பா மீனும் தின்கிறாய், வீட்டுக்காரி எழுந்துவிடக் கூடாது என்று கேத்தலைக்கூடக் கொதிக்க விடுவதில்லை. இங்கே பாங்கு சொல்லி நான் பழத்தை வாயில் வைக்கும்போது உனக்கு மத்தியானம்கூட ஆகியிருக்காது, நீ திறக்கும்போது நான் உறக்கத்தில் இருப்பேன். மூன்று ரமலானாக நாம் இரண்டு பேரும் ஒரே நோன்பைத்தான் பிடிக்கிறோம், ஒன்றாகத் திறந்ததில்லை.

பாட்டுக் கச்சேரிக்குப் போனதைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை படித்தேன். மேடைக்குப் பின்பக்கம் மலிவு இருக்கை, வாசிக்கிறவர்களின் முதுகுதான் தெரியும், ஆனால் நடத்துகிறவர் முகம் நேராகத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை முழங்காலுக்கு நடுவே வைத்து ஒரு கிழவர் வாசித்தாராம், யாரோ இருமலை அடக்க வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்களாம். எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், எனக்கே கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் அதற்குக் கீழே, முடிந்ததும் எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே கோட்டு மாட்டினார்கள், நான் மெதுவாக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதினாய் பார், அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இங்கே நம் வீட்டில் ரிடிஃபியூஷன் ரேடியோப் பெட்டி காலையிலிருந்து ஓடுகிறது. தமிழ் முடிந்து மலாய் வரும், சீனத்தில் யாரோ கதை சொல்வார், ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் நிறுத்துவதில்லை. உன் உம்மா இருந்தால் காதுக்குக் கேடு என்று எப்போதோ அணைத்திருப்பாள். அவள் மௌத்தான பிறகு நீ இருந்தவரைக்கும் இரண்டு ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டாவது இருந்தோம், இப்போது பெட்டியோடு சண்டை போட முடியவில்லை.

கிறிஸ்மஸ் லீவில் ரயிலேறி ஸ்கார்பரோ என்ற கடற்கரை ஊருக்குப் போய்வந்ததாக எழுதினாய். கடைகள் பூட்டிக் கிடந்தனவாம், மணலில் பனி உறைந்திருந்ததாம், நாயை இழுத்துக்கொண்டு வந்த ஒரு ஆளைத் தவிர யாரும் இல்லையாம். அந்த ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது உனக்கு. அதற்கு முந்திய கடிதத்தில் நீ அங்கே போகப் போவதாக எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு நோன்புக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பஸ் ஏறி கேலாங் வழியாகச் சாங்கிக் கடற்கரைக்குப் போனேன். சிரிக்காதே. மணலில் குடும்பம் குடும்பமாகப் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள், குழந்தைகள் தண்ணீரில் கத்திக்கொண்டு கிடந்தன. நான் பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங் ஒரு பொட்டலம் வாங்கி மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒரு மலாய்க்கார அம்மா மரியாதையாக, பாக்சிக், தனியாகவா வந்தீங்க என்று கேட்டார், இல்லை, மகன் வருவான் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மா போகிறவரைக்கும் நானும் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இனி நோன்புப் பெருநாள் சட்டை சமாச்சாரம். பெருநாளைக்கு நம் வீட்டு ஆண்களுக்கு ஒரே சுருளிலிருந்து துணி கிழித்துத் தைப்பது நம் வழக்கம், நீ போன பிறகும் நான் அதை விடவில்லை. வருஷா வருஷம் உனக்கும் ஒன்று தைத்து உன் அலமாரியில் வைக்கிறேன், போன வருஷத்துச் சட்டையும் அதற்கு முந்தியதும் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. இந்த வருஷம் இளம் பச்சைப் பாப்ளின். தையல்காரர் அப்துல் கையூமிடம் கொடுக்கும்போது, பையனுக்குப் பழைய அளவு போதாது, மார்பும் தோளும் நன்றாக அகன்றிருக்கிறது, தாராளமாக வெட்டு என்று பெருமையாகச் சொன்னேன். நீ காலேஜ் வாசலில் பனியில் நின்று எடுத்து அனுப்பினாயே அந்தப் போட்டோ, அதைக் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன், தினமும் பார்க்கிறேன், சீமைச் சாப்பாட்டில் பிள்ளை நன்றாகத் தேறிவிட்டான் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தேன். துணி வாங்கக் கடைக்கு வந்திருந்த கையூம் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். காக்கா, இது கோட்டு, பிள்ளை உள்ளே எங்கேயோ இருக்கான்லா என்றார் என்னிடம். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு படத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். கழுத்தை மஃப்ளர் மூடியிருக்கிறது, கையில் உறை, நெற்றியில் தொப்பி. மூக்கும் கண்ணும்தான் நீ. அதில் கோட்டு எவ்வளவு, என் மகன் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மெலிந்திருக்கிறாயா, தேறியிருக்கிறாயா, எதுவும் தெரியவில்லை. சரி, பழைய அளவிலேயே வெட்டிவிடவா என்று கையூம் கேட்டார். ஊர் ஜனங்களின் அளவெல்லாம் அங்குலக் கணக்கில் மனசில் வைத்திருக்கிற நான், பொறு, இப்போது வெட்டாதே என்று சொல்லிவிட்டேன். துணி இன்னும் வெட்டாமல் அவர் மேசையில் கிடக்கிறது.

அன்றைக்குத்தான் உன் கடைசி வரியைக் கபீர் காக்காவிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை, இருக்கட்டும்லா, இங்கே வந்து என்ன செய்வான், ஜூரோங்கில் ஃபேக்டரி வரும் வரும் என்கிறார்கள், இப்போது சேறுதான் இருக்கு என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ படித்த படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. ருக்கையாவுக்கு எழுதிக் கேட்டேன், உன் இஷ்டம் மகனே என்று எழுதிப் போட்டுவிடுங்கள் வாப்பா, தம்பி மனசு நோகக் கூடாது என்று பதில் போட்டாள். அவள் சொன்னபடியே எழுதினேன். எல்லாத் தகப்பன்மாரும் எழுதுகிற மாதிரி, என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன், உனக்கு எது நல்லதோ அதைச் செய் என்று எழுதி, ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். பெட்டி வாயில் பாதி விட்டவன் வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் நின்ற சீனப் பெண் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

நீ கேட்டாய், நான் சொல்கிறேன் அமீன். வந்துவிடு. கடைக்காக இல்லை, கடையை நாங்கள் இரண்டு கிழவர்கள் பார்த்துக்கொள்வோம். வயதான தகப்பனுக்குக் கடமை என்றும் இல்லை, எனக்குக் கையும் காலும் நன்றாக இருக்கின்றன. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் இங்கே தனியாக இருக்கிறேன். நீயும் அங்கே தனியாக இருக்கிறாய், நாலு பக்கத்தில் அந்த வார்த்தையை ஒரு இடத்திலும் எழுதவில்லை, ஆனால் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் நீ ஒருத்தனாகத்தான் நிற்கிறாய். வந்தால் கொஞ்ச நாள் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், என்னோடு சண்டை வரும், லீட்ஸை நினைத்துப் பெருமூச்சு விடுவாய், எல்லாம் தெரிந்துதான் கூப்பிடுகிறேன். அந்த ஊர் உனக்குப் பிடித்திருந்தால், அங்கே உனக்கு மனிதர்கள் கிடைத்திருந்தால், இரு, நான் குறுக்கே நிற்க மாட்டேன், மனசாரத் துஆ செய்வேன். ஆனால் வாப்பாவுக்குப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு மட்டும் அங்கே இருந்துவிடாதே. எனக்குப் பரவாயில்லை என்பது பொய்.

பெருநாளன்று அங்கே பள்ளிவாசல் இல்லாவிட்டாலும் யார் வீட்டில் ஜமாஅத் நடக்கிறது என்று விசாரித்துப் போ, தனியாக அறையில் தொழுதுவிட்டுப் படுத்துவிடாதே. காதை மூடிக்கொள். ஈரக் காலுறையோடு உட்காராதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உடம்பில் சுகத்தையும் நல்ல மனிதர்களின் துணையையும் தருவானாக, ஆமீன். ஒன்று மறக்காதே, இதற்குப் பதிலைக் கடைக்கு எழுதாமல் மேலே இருக்கும் வீட்டு விலாசத்துக்கு எழுது. கடையில் எல்லோரும் சுற்றி நின்று வாசிக்கச் சொல்வார்கள், உன் பதில் எதுவாக இருந்தாலும், அந்த நேரத்தில் என் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம்.

உன் வழி பார்த்திருக்கும்
வாப்பா
அப்துல் முத்தலிப்