கடைசி வீடு நம்முடையது

கலவான, ஒக்டோபர்

என்னவருக்கு,

போனில் நத்தார் பண்டிகைக்கு வருவதைப் பற்றிக் கேட்டால் 'பார்ப்போம்' என்பீர்கள். அதனால் எழுதுகிறேன். டிசம்பர் வந்தால் எனக்குப் பரீட்சைத் தாள்கள், உங்களுக்குக் கடை நெரிசல். இப்போதே திட்டமிட வேண்டியிருக்கிறது.

கரோல்காரர்கள் எப்போதும் முதலில் நம் வீட்டில்தான் பாடுவார்கள். கொழும்பிலிருந்து உங்கள் பஸ் வரும்போது பாட்டு மலை மேலிருக்கும் லயத்து வீடுகளுக்குப் போயிருக்கும். போன வருடம் ரோஷானி அவர்களுக்குக் கதவைத் திறக்கவே விடவில்லை. "அப்பா வரட்டும்மா."

இந்த முறை மேல் லயத்தில் தொடங்கச் சொன்னேன்.

"மொதல்லயே மேல ஏறுனா பாட்டு வராதுங்க டீச்சர், மூச்சுதான் வரும்," என்றார் கரோல் குழுவை நடத்தும் யோசப் அண்ணன். பிறகு சம்மதித்தார்.

நீங்கள் அந்த பஸ்ஸில் ஏறினால் போதும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வாயால் கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி