சூசையை நான் எழுப்பவில்லை

மார்ச் 3, ஞாயிறு இரவு.

இன்று காலைப் பூசையில் வாசகம் வாசித்தவர் ராயப்பன், என் மகன் சூசை வேலை பார்க்கும் மீன்பிடி வள்ளத்தின் முதலாளி. ஏழாம் நாளில் வேலைக்காரனும் மாடும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று மைக்கில் முழங்கினார். மத்தியானம் அதே வெள்ளைச் சட்டையோடு என் வாசலில் வந்து நிற்கிறார்.

“பெரியம்மா, சூசைய எழுப்புங்க. ஐஸ் ஏத்தணும். விடியக்காலம் வள்ளம் போவுதுல்லா.”

“ஆறு நாள் கடல்ல கெடந்துட்டு நேத்து ராத்திரிதான் வந்தான். உறங்குதான். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா?”

“கடலுக்குப் போனாத்தான தப்பு? ஐஸ் ஏத்துனா என்ன?”

என்ன பக்தி! வள்ளத்துக் கயிற்றை அவிழ்க்காத வரைக்கும் ஆண்டவருக்குக் கண் தெரியாது போல. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கிய வாசகம், வாசித்த மனுசனுக்கு விளங்கவில்லை.

“ஏலே, மாட்டுக்கு லீவு உண்டுன்னு வாசிச்சியே, எம் மவனுக்கு இல்லியோ?” என்றேன்.

“அப்ப அவன் எடத்துக்கு வேற ஆளப் போட்டுக்கிடுதேன்” என்று போய்விட்டார்.

சாயந்திரம் விழித்த சூசை, “எம்மா, எம் பொழப்பக் கெடுத்துட்டியே” என்று கத்தினான். பேத்தி பயந்துபோய் என் மடியில் ஏறிக்கொண்டாள். வேறு வள்ளத்தில் அவனைச் சேர்ப்பார்களோ, மாட்டார்களோ. கத்தி முடித்தவன் அதே பாயில் சாய்ந்து மறுபடியும் உறங்கிவிட்டான். மருமகள் என்னோடு பேசவில்லை. ஆனால் விடியக்காலம் மூன்று மணிக்கு அடிக்கும் அவன் போன் அலாரத்தை இப்போது நிறுத்தி வைத்தது அவள்தான்.