“கட்டி தெரியவில்லை” என்பதன் பொருள் வேண்டி

அனுப்புநர்:
க. அமுதவல்லி,
அச்சகப் பிழை திருத்துநர்,
மாரியம்மன் கோயில் பின்தெரு,
அரியாங்குப்பம், புதுச்சேரி.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மணற்குளம் அரசு புற்றுநோய் மருத்துவமனை,
புதுச்சேரி.

பொருள்: என் கணவர் கண்ணையனின் உணவுக்குழாய் அறுவை சிகிச்சை – மருத்துவர் சொன்ன ஒரு சொல்லால் ஏற்பட்டுள்ள தடை – நேரில் விளக்கம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆலை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டிவரும் என் கணவருக்கு ஏப்ரலில் சோறு இறங்கவில்லை. ஜூனில் கஞ்சியும் இறங்கவில்லை. தங்கள் மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் புற்றுநோய்க் கட்டி என்றார்கள். உடனே அறுத்து எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். முதலில் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு, கூடவே டிரிப்பில் மருந்தும் ஏற்ற வேண்டும், கட்டி சுருங்கிய பிறகே அறுவை என்றார் அறுவை சிகிச்சை மருத்துவர்.

2. இதை நாங்கள் நம்பவில்லை. கரண்ட் மெஷின் புதிது, அதற்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னதையே நம்பினோம். அவர் உட்கார்ந்து பேசினார். மருத்துவர் நடந்துகொண்டே பேசினார்.

3. நம்பாமலேதான் ஒப்புக்கொண்டோம். ஆனால் சிகிச்சை பலித்தது. நடுவில் தொண்டை வெந்து, மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால் போயிற்று. ஆகஸ்ட் கடைசியில் இட்லி இறங்கியது. பிறகு மீன் குழம்பும் சோறும். போன ஞாயிறு அவர் பரோட்டா தின்றதைக் கதவோரம் நின்று பார்த்தேன். இது புகார் அல்ல.

4. புகார் இதுதான். சென்ற வெள்ளிக்கிழமை மறுபடி குழாய் விட்டும் ஸ்கேன் எடுத்தும் பார்த்த மருத்துவர், “கட்டி இப்போ தெரியலை” என்றார். அதே மூச்சில், 20ஆம் தேதி வியாழக்கிழமை அறுவை என்றார். உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்துத் தைப்பார்களாம். ஏன் என்று என் கணவர் கேட்டதற்கு, “தெரியலைங்கறதாலதான்” என்றார்.

ஐயா, தெரியவில்லை என்றால் கண்ணில் படவில்லை என்றும் பொருள். இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை என்றும் பொருள். என் கணவர் மூன்றாவதாக ஒரு பொருள் கண்டார்: இல்லை. அவருடைய ஆட்டோ ஸ்டாண்டு நண்பர் ராஜ்கமல் அதற்கு உரையும் எழுதினார்: “நல்லா துன்னுக்கிட்டு இருக்கற ஆளை எதுக்கு மச்சான் அறுக்கறாங்க? காலேஜ் பசங்களுக்குப் பாடம் எடுக்கத்தான்.”

5. முன்பு ஏன் அறுக்கவில்லை என்று சந்தேகப்பட்டோம். இப்போது ஏன் அறுக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறோம். இதிலுள்ள முரண் எனக்குப் புரிகிறது. கரண்ட் விஷயத்தில் மருத்துவர் சொன்னபடியே நடந்துவிட்டதால், இதிலும் அவர் சொல்வதே சரியாக இருக்குமோ என்ற சந்தேகமும் எனக்குச் சேர்ந்துகொண்டது. அன்றே மருத்துவரைத் துரத்திப் போய்க் கேட்டேன். “மிச்சம் ஒளிஞ்சிருக்கலாம்மா. எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ரொம்பத் தள்ளிப்போடாதீங்க” என்றார். லிப்ட் கதவு மூடிக்கொண்டது.

இதை வீட்டில் சொன்னேன். “டாக்டர் உனக்கு எவ்ளோ குடுத்தாரு?” என்று கேட்டார் என் கணவர்.

6. ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். வரும் திங்கட்கிழமை காலை தங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். சம்மதிக்க அல்ல, சண்டை போட. ராஜ்கமலும் வருவார். வாயிற்காவலர் இருவரையும் தடுக்காமல் உள்ளே விடவும், அந்த மருத்துவர் அப்போது அங்கே இருக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன். அவர் உட்கார்ந்து, மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எனக்கே உறுதியில்லை, அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன் என்று என் கணவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் போதும். என் கணவர் கத்துவார். கத்தி முடிக்கும்வரை மருத்துவர் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

அவர் எழுந்துவிட்டால் என் கணவரும் எழுந்துவிடுவார். பிறகு அவரை அங்கே அழைத்துவர என்னால் ஆகாது. மறுபடி சோறு இறங்காமல் போனால்தான் வருவார்.

திங்கட்கிழமையை எதிர்நோக்கும்,
க. அமுதவல்லி

இடம்: அரியாங்குப்பம்
நாள்: 14.09.2007