கப்பல் கடைக்காரர் நிறுத்தி வைத்த பெட்டி

ஹிரோசாகி,
1992 மார்ச் 8

அன்புள்ள சிகுசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சண்டை போட வேண்டிய நேரத்தில் சண்டையும் போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அந்த நார்வே மழையில் சளி, இருமல் எதுவும் பிடிக்காமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுக்கிறேன். இந்த வருடம் கூரைப் பனியை மூன்று தடவை தள்ள வேண்டியதாகிவிட்டது. நான் ஏறவில்லை, பக்கத்து வீட்டு நரிதாவின் மாப்பிள்ளை வந்து தள்ளிக் கொடுத்தான், நல்ல பையன், ஆனால் ஏணியை நம் செடி மேலேயே சாய்த்துவிட்டான். அம்மா சமூகக் கூடத்துப் பாட்டுக் குழுவில் சேர்ந்திருக்கிறாள். இரண்டே இரண்டு வரியை ஒரு மாதமாக அடுப்படியில் பாடுகிறாள், அந்த இரண்டு வரிக்குள் இதுவரை நாலு மீன் கருகிவிட்டது.

போன இரண்டு கடிதத்திலும் நீ ஒரே கேள்வி கேட்டிருந்தாய், அப்பா ஏன் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுகிறார், காகிதத்தை மிச்சம் பிடிக்கிறாரா என்று. வயசானா எல்லாமே சுருங்கும்னு எழுதிப் போடு என்று அம்மாவிடம் சொல்லித் தட்டிக் கழித்தேன். இப்போது பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் எழுத்து பெரிதாக இருப்பதை உறையைப் பிரித்ததுமே பார்த்திருப்பாய். தாளுக்கு அடியில் கறுப்பு மையால் தடித்த கோடு போட்ட அட்டை ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். இது டாக்டர் சொல்லிக் கொடுத்த வழி. டாக்டர் என்றதும் பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் எழுந்து போய் போன் பண்ணாமல் கடைசி வரை படி.

நான் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கிற பொம்மைக் கப்பல் பெட்டிகள் ஷிசுவோகாவிலிருந்து தபாலில் வருவது உனக்குத் தெரியும். நீ நடக்கப் பழகிய வருடம் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து முதல் கார்டு போட்டேன், அன்றிலிருந்து மாதம் ஒரு கார்டு, இந்தக் கப்பல் ஒன்று, அந்தச் சாம்பல் பெயின்ட் இரண்டு என்று. கடைக்காரர் பெயர் ஹொரிகோமே. அவர் எடுத்து வைத்துப் பதில் போடுவார், நான் தபாலாபீசில் பணம் கட்டுவேன், பத்து நாளில் பெட்டி வரும். சுற்றி வரும் பழைய செய்தித்தாளை அம்மா நீவிவிட்டுப் படிப்பாள், அங்கே தேயிலை என்ன விலை, யார் செத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இருபத்து மூன்று வருடத்தில் அந்த மனிதரின் முகத்தையோ குரலையோ நாங்கள் அறிந்ததில்லை. ஆனால் நேர்மையான ஆள். இந்த மாசம் வந்த சரக்குல அச்சு தேஞ்சு போயிருக்கு, மேல்தளம் சரியா உக்காராது, அடுத்த சரக்கு வரட்டும் என்று எழுதித் தன் வியாபாரத்தையே தள்ளிப் போடுவார். ஒரு தடவை பீரங்கிக் கோபுரப் பாகங்கள் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் சட்டமே பெட்டியில் இல்லை, நான் கோபமாக எழுதினேன், அவர் தனக்கென்று வைத்திருந்த பெட்டியைப் பிரித்து அதிலிருந்து எடுத்து அனுப்பினார்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக நான் பெட்டிகளை வாங்கினேனே தவிர ஒட்டவில்லை. மாடி அறையில் பிரிக்காத பெட்டிகளாகவே அடுக்கியிருக்கிறேன். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்த கை இது, மழையிலும் பனியிலும் மெல்லிய கம்பியைப் பிடித்து முறுக்கிய கை, அது சாமண இடுக்கியில் ஒரு அரிசி முனை அளவு பாகத்தை எடுத்ததும் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்றது. ஒரே கொடிமரத்தை மூன்று தடவை கோணலாக ஒட்டினேன். அம்மாவிடம் கண் மங்கிவிட்டது என்று சொன்னேன், அதற்காகவே பூதக்கண்ணாடி ஒன்றும் அதே கடையில் வரவழைத்தேன். அப்புறம் சின்னக் கப்பல் அலுத்துவிட்டது என்று சொல்லி, அதே கப்பல்களில் இரண்டு மடங்கு பெரிய அளவை வாங்க ஆரம்பித்தேன், பாகம் பெரிதாக இருந்தால் கை நிற்கும் என்று. நிற்கவில்லை. ஆனாலும் மாதாமாதம் கார்டு போவது நிற்கக் கூடாது, நின்றால் அம்மா ஏன் என்று கேட்பாள் இல்லையா, அதனால் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

போன நவம்பரில் பெட்டி வரவில்லை, ஒரு கனமான கடிதம் வந்தது. உள்ளே என்னுடைய இரண்டு கார்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து நகலெடுத்த ஒரு தாள். ஒன்று ஒன்பது வருடத்துக்கு முந்தியது, இன்னொன்று அக்டோபரில் நான் போட்டது. ஹொரிகோமே எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். கோவிச்சுக்காதீங்க, முன்னெல்லாம் உங்க எழுத்து கார்டு முழுக்க நிக்கும், இப்போ பாதியிலயே முடிஞ்சு போகுது, வரி முடிய முடிய இன்னும் பொடியாகுது. எங்க அப்பா ஒரு ஆபீஸ் குமாஸ்தா, அவரும் மூணு வருஷம் இப்படித்தான் எழுதினார், சிக்கனம்னு நாங்க சிரிச்சோம், கடைசியில கூட்டிட்டுப் போனப்போ டாக்டர் எங்களத்தான் திட்டினார். நீங்க பெரிய அளவுக்கு மாறினதையும் பார்த்தேன். நரம்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட ஒரு எட்டு போய்க் காட்டுங்க. நீங்க காட்டிட்டு எழுதுற வரைக்கும் உங்க பெட்டிய நிறுத்தி வச்சிருக்கேன், நான் நினைச்சது தப்பா இருந்தா என்ன வேணாலும் திட்டுங்க.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. பெட்டி விற்கிறவனுக்கு என் கையெழுத்தில் என்ன வேலை, இனி உன் கடையே வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். அவன் வெட்கப்படும்படி பெரிது பெரிதாக எழுத வேண்டும் என்று முடிவு செய்துதான் தொடங்கினேன். முதல் வரி பெரிதாகத்தான் வந்தது. நான்காவது வரிக்குள் எறும்பாகிவிட்டது. கிழித்துப் போட்டு இன்னொரு கார்டு எடுத்தேன், அதுவும் அப்படியே. மூன்றாவது கார்டோடு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, டீ ஆறுகிறது என்று கூப்பிட வந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். ஹொரிகோமேயின் கடிதத்தை நின்றபடியே படித்தாள். ஏங்க, மூஞ்சி தெரியாத ஒருத்தர் இருபத்து மூணு வருஷமா உங்க எழுத்தப் பாத்துக்கிட்டு இருந்திருக்கார், பக்கத்துல உக்காந்து சோறு போடுற எனக்குத் தெரியலையே, என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. கீழே போய் என் மருத்துவ அட்டையைத் தேடி எடுத்து வைத்தாள்.

டாக்டர் உன்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். என்னை நடக்கச் சொன்னாள், நத்தை ஓடு மாதிரி சுருள் கோடு வரையச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள். நடக்கும்போது வலது கை வீசவில்லையாம், எனக்கே தெரியாது. படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்று பெயர் சொன்னாள். அது மெதுவாக வளர்கிற நோய், தீராது, ஆனால் மாத்திரையில் பல வருடம் அடக்கி வைக்கலாம், தினமும் நடக்க வேண்டும், கூரையில் ஏறக் கூடாது என்றாள். யார் முதலில் கவனித்தது என்று கேட்டாள். கடைக்காரர் என்றேன். எந்தக் கடைக்காரர் என்றாள். தபாலில் பிளாஸ்டிக் கப்பல் அனுப்புகிறவர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அதையும் என் கோப்பில் எழுதிக்கொண்டாள். மாத்திரை மூன்று வேளை. போட்டு ஒரு மணி நேரம் கழிந்தால் கை ஓரளவு என் கையாக இருக்கிறது.

இந்த நோய்ப் பெயரைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு வேறொரு வியாதி பிடித்துக்கொண்டது. நீ வெளிநாடு கிளம்பிய அன்று ஸ்டேஷனில், நீ போயிட்டா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரிதான் என்று நான் சொன்னேனே, அதைப் பிடித்துக்கொண்டு, வாய் வச்சீங்க, பலிச்சிருச்சு, புள்ள போன ஏக்கம்தான் கையில இறங்கிருச்சு, அவளை வரச் சொல்லி எழுதப் போறேன் என்று தினமும் பேச்சு. அப்படி ஏக்கத்தால் வருவதில்லை என்று டாக்டரே சொன்னாள், அம்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து மறுபடி அதையே சொன்னாள். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டருக்கும் தெரிய வேண்டியிருந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஹொரிகோமேக்கு நன்றி எழுதும்போது, என் பழைய கார்டுகள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாமே இருக்கு, வந்து பாருங்க என்று பதில் வந்தது. பிப்ரவரி கடைசியில் இரண்டு பேரும் ரயில் ஏறினோம்.

கடை என்பது ஒரு வீட்டின் முன்னறைதான். நான் கிழவர் என்று நினைத்திருந்த ஆளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் என்னை உயரமான ஆள் என்று நினைத்திருந்தாராம். கும்பிட்டுக் குனிந்து நிமிர்ந்ததுமே அம்மா அந்த ஊர்த் தேயிலை விலையை எடுத்துவிட்டாள், அவர் திகைத்துப் போனார். அப்புறம் கார்டுகளைக் கொண்டு வந்தார். இருநூற்றுக்கு மேல். தரையில் வருட வாரியாகப் பரப்பினோம், மூன்று பேரும் முட்டி போட்டுத் தவழ்ந்து பார்த்தோம். ஓரிடத்தில் ஹொரிகோமே விரலை வைத்தார், இங்கதான் முதல்ல குறையுது என்றார். தேதி 1988 மே. நீ கிளம்பியது எண்பத்தொன்பது செப்டம்பர். அம்மா அந்தக் கார்டைக் கையில் எடுத்துத் தேதியைப் படித்தாள். அப்போ புள்ள வீட்டுலதான இருந்தா, என்றாள். ஆமா, குளியலறைய யார் முதல்ல பூந்துக்கிறதுன்னு என்கூடச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தா என்றேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். திரும்பும் ரயிலில் கைப்பையைத் திறந்து, உனக்கு எழுதி வைத்துப் போடாமல் தூக்கிக்கொண்டு திரிந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். நிறுத்தி வைத்த பெட்டியை ஹொரிகோமே என் கையிலேயே கொடுத்தனுப்பினார், தபால் செலவு மிச்சம் என்று.

ஆகையால் நான் சொல்ல வந்தது இதுதான். நீ வேலை பார்க்கிற மீன் பண்ணைக்காரர்கள் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். கையெழுத்துப் போடு. எனக்காக எதையும் விட்டுவிட்டு வராதே, ஆகஸ்டில் வழக்கம் போல லீவுக்கு வந்தால் போதும். ஸ்டேஷனில் நான் சொன்னது ஒரு அப்பனின் பிடிவாதப் பேச்சு, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, கார்டே சாட்சி. நான் தினமும் ஆற்றங்கரை வரை நடக்கிறேன். காலை மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம் கப்பல் ஒட்டுகிறேன், பொடிப் பாகங்களை அம்மா சாமணத்தில் பிடிக்கிறாள், நான் இடம் சொல்கிறேன். அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம் என்றால், நீங்க ஒரு பக்கமா சொல்லுங்க என்று எரிந்து விழுகிறாள். நங்கூரத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டாள், நான் அப்படியே விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை நேரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. எந்தக் கடலோரத்தில் இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று. போன வருடத்திலிருந்து நீ கடிதத்தை ஆபீஸ் மெஷினில் தட்டி அனுப்புகிறாய். இனிமேல் கையால் எழுது. நாலு வரியானாலும் பரவாயில்லை. அது எனக்குப் படிப்பதற்கு மட்டுமல்ல.

அன்புடன்,
அப்பா
கென்கிச்சி