உள்சுவரின் சூடு

திரேஸ்புரம்,
வியாழக்கிழமை.

ஜெப்ஸி அப்பாவுக்கு,

கர்த்தர் உங்களையும் மிஞ்சிய ஆடுகளையும் காத்துவருகிறார் என்று நம்புகிறேன். புகை குடித்த இருமல் குறைந்ததா? நானும் பிள்ளைகளும் சுகம். கருவேலங்காட்டுத் தீயில் வீடிழந்த பதினோரு குடும்பங்களும் இந்தக் குடோனில்தான் இருக்கிறோம். எல்லோருக்கும் நான்தான் சமையல்.

ஒரு சின்ன விஷயம். போனில் சொன்னால் பிள்ளைகள் காதில் விழும் என்று எழுதுகிறேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கப்பலுக்குப் போகும் கரிமூட்டைகளை அடுக்கிப் பூட்டியிருக்கிறார்கள். நாமானால் விறகை மூடி எரித்த மூட்டத்தைப் பிரித்ததும் கரியை நன்றாக ஆறப்போட்டுத்தான் சாக்கில் கட்டுவோம். இது கனல் ஆறுமுன் அவசரத்தில் கட்டியது போலிருக்கிறது, சுவர் சுடுகிறது. வழக்கம்போல நோட்டில் குறித்திருக்கிறேன். சூடு திங்களன்று முழங்கால் உயரம், நேற்று இடுப்பு, இன்று தோள்.

குடோன் அண்ணாச்சியிடம் சொன்னேன். “வெயில் சூடு தாம்ளா. ஊர் எரிஞ்சதுலருந்து ஒனக்கு அடுப்பப் பாத்தாலும் பயம்” என்று சிரித்தார்.

“உள்சுவர்ல எங்கன அண்ணாச்சி வெயில் அடிக்கி?” என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. சாவி முதலாளியிடமாம், அவர் திங்கள்கிழமைதான் வருவாராம். எங்களுக்கு வேறு இடமும் இல்லையாம்.

நீங்கள் பதற வேண்டாம். மூட்டத்துக்குள் கனல் இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் நீளக் கம்பியோடு நாளைக் காலை முதல் பஸ்ஸில் வாருங்கள். என் வேதப்புத்தகம் எரியாமல் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.

இந்தக் கடிதத்தை இன்றே உங்களிடம் சேர்ப்பதற்கு அரிசி வண்டி டிரைவர் காத்திருக்கிறார். பிள்ளைகளின் பாயை வாசல் பக்கம் மாற்றிவிட்டேன். சுவரில் கையை வைத்தபடி நான் படுத்துக்கொள்கிறேன்.

ஜெபத்துடன்,
ஈவாஞ்சலின்